குனுகேஷில் டாலர் பங்குகளின் மதிப்பு தப்பாகத் தெரிகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெளிநாட்டுப் பங்கு ஒன்றின் ரூபாய் மதிப்பு மூன்று எண்களைப் பெருக்கி வருவது: எத்தனை பங்கு, பங்கு ஒன்று எத்தனை டாலர், டாலர் ஒன்று எத்தனை ரூபாய். குனுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் பங்குகளின் எண்ணிக்கை பங்குக் கணக்கின் பதிவேட்டில் இருக்கிறது. மற்ற இரண்டும் விலைப் பட்டியலில், தனித்தனி வரிகளாக இருக்கின்றன. இந்த மூன்றில் இரண்டை யாரோ எங்கோ ஒன்றாகச் சேர்த்துவிட்ட இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. அதனால் எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் எண்ணிக்கையைத் தரகரின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அது சரி என்றால் டாலர் விலையைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் மாற்று விகிதத்தைப் பாருங்கள். வரிசை மாற்றிப் பார்த்தால் சரியாக இருப்பதையும் திருத்திக் கெடுத்துவிடுவோம்.

கீழே உள்ளவை 5ஆம் பதிப்பை வைத்து எழுதியவை. இந்தியாவில் வசித்துக்கொண்டு அமெரிக்க, லண்டன் சந்தைகளில் பங்கு வைத்திருப்பவரின் கணக்கு என்று கொள்கிறோம். அடிப்படை நாணயம் ரூபாய். எதையும் திருத்தும் முன் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். விலைப் பட்டியலில் அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவர ‘அன்டூ’ கிடையாது.

கணக்குகளின் அமைப்பு இப்படி இருக்க வேண்டும்: ரூபாயில் வங்கிக் கணக்கு, தரகரிடம் சும்மா கிடக்கும் பணத்துக்கு டாலரில் ஒரு ரொக்கக் கணக்கு, அதன் கீழ் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்குக் கணக்கு, வருமானம், செலவுக் கணக்குகள் எல்லாம் ரூபாயில். ரூபாய் டாலராக மாறும் இடம் ஒன்றே ஒன்றுதான்: வங்கிக்கும் தரகர் ரொக்கக் கணக்குக்கும் நடுவில். பங்கை வாங்குவதும் விற்பதும் டாலருக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்.

அறிகுறி: பங்கு விலை தினமும் இணையத்திலிருந்து வருகிறது, ரூபாய் மதிப்பு மட்டும் அசையவில்லை

பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிப்பது இதுதான். காரணமும் வெளியே தெரியாது.

டூல்ஸ் மெனுவில் பிரைஸ் டேட்டாபேஸை (மேலே சொன்ன விலைப் பட்டியல் இதுதான்) திறந்து அந்தப் பங்கின் கிளையை விரித்துப் பாருங்கள். டாலர் விலைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கிடையே ரூபாயில் ஒரு விலை இருந்தால் திருடன் அகப்பட்டான். ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பங்குக் கணக்குக்குப் பதிவு போட்டிருப்பீர்கள். 150 டாலர் பங்கு, அன்றைய விகிதம் 85 என்றால், மென்பொருள் அதை ‘ஒரு பங்கு 12,750 ரூபாய்’ என்று விலைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும்.

ரூபாயில் மதிப்புக் கேட்கும்போது குனுகேஷ் முதலில் அந்தப் பங்குக்கு நேரடியான ரூபாய் விலை இருக்கிறதா என்று தேடும். இல்லாவிட்டால்தான் டாலர் விலையை எடுத்து மாற்று விகிதத்தால் பெருக்கும். அந்த ஒற்றை 12,750 கிடைத்துவிட்டதால் புதிதாக வரும் டாலர் விலைகளை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ரூபாய் வரியை அழித்தால் மதிப்பு உடனே நகரும். ஆனால் மூலப் பதிவை அப்படியே விட்டால், அடுத்த முறை அதைத் தொட்டுச் சேமிக்கும்போது வரி மீண்டும் முளைக்கலாம். ஆகவே அந்தப் பதிவை இரண்டாகப் பிரியுங்கள். வங்கியிலிருந்து தரகர் ரொக்கத்துக்கு ஒன்று, ரொக்கத்திலிருந்து பங்குக்கு ஒன்று. இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தாலும் பிரித்தே போடுங்கள்.

அறிகுறி: அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் பங்கு தெரிகிறது, மொத்தத்தில் சேரவில்லை

மொத்தத்தில் சுழியம் என்றால் ஏதோ ஒரு விலை இல்லை என்று பொருள். பங்குக்கு டாலர் விலை இருக்கிறதா, டாலருக்கு ரூபாய் விலை இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டாவதுதான் அடிக்கடி விடுபடுகிறது. பிரைஸ் டேட்டாபேஸில் ‘ஆட்’ அழுத்தி, செக்யூரிட்டி இடத்தில் கரன்சி பிரிவின் கீழ் அமெரிக்க டாலரையும், கரன்சி இடத்தில் இந்திய ரூபாயையும் தேர்ந்து, விலையாக 88.20 போல இடுங்கள்.

திசையை மாற்றிவிடாதீர்கள். ரூபாயை செக்யூரிட்டி இடத்திலும் டாலரைக் கரன்சி இடத்திலும் வைத்து 88.20 என்று எழுதினால், ஒரு ரூபாய்க்கு 88 டாலர் என்றாகிவிடும். டாலர் கணக்குகளின் மதிப்பு திடீரெனத் துளியாகச் சுருங்கினாலோ, டாலரில் எடுத்த அறிக்கையில் சேமிப்புக் கணக்கு கோடிக்கணக்கில் வீங்கினாலோ இதைத்தான் தேட வேண்டும்.

அறிகுறி: இணையத்திலிருந்து விலை வரவில்லை, அல்லது பாதிதான் வருகிறது

முதலில் ஹெல்ப் மெனுவில் அபவுட் பெட்டியைத் திறந்து பாருங்கள். இணையத்திலிருந்து விலைகளை எடுத்துத் தரும் ஃபைனான்ஸ் கோட் என்ற பெர்ல் நிரலின் பதிப்பு எண் அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது நிறுவப்படவில்லை. விண்டோஸில் குனுகேஷோடு அது தானாக வருவதில்லை. ஸ்டார்ட் மெனுவில் குனுகேஷின் கீழுள்ள ‘இன்ஸ்டால் ஆன்லைன் பிரைஸ் ரிட்ரீவல்’ என்பதை இயக்க வேண்டும்.

பங்கு விலை வருகிறது, மாற்று விகிதம் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு சிக்கல். நாணய விகிதத்துக்கு ஃபைனான்ஸ் கோட் வழக்கமாக ஆல்ஃபா வேன்டேஜ் என்ற விலைத் தரவுத் தளத்தை நாடுகிறது. அதற்கு ஏபிஐ சாவி (தரவைக் கேட்பவரை அடையாளம் காட்டும் குறியீடு) வேண்டும். அவர்கள் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கும். அதை எடிட், பிரிஃபரன்சஸ், ஆன்லைன் கோட்ஸ் பகுதியில் ஒட்டிவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். இலவசச் சாவிக்கு நாளொன்றுக்கு 25 கேள்விகள்தான். பங்குகளையும் அதே மூலத்தில் வைத்திருந்தால் முதல் சில விலைகள் வந்து மீதி நின்றுபோவது இதனால்தான். செக்யூரிட்டி எடிட்டரில் பங்குகளின் மூலத்தை யாஹூ ஜேசனுக்கு மாற்றி, ஆல்ஃபா வேன்டேஜை நாணயத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு பங்கு மட்டும் வரவில்லை என்றால் குறியீட்டைப் பாருங்கள். பெர்க்‌ஷயரின் பி வகுப்புப் பங்குக்குத் தரகர் அறிக்கையில் பிஆர்கே, புள்ளி, பி என்று இருக்கும். யாஹூவுக்கு அங்கே புள்ளி கூடாது, இடைக்கோடு வேண்டும். லண்டன் பங்குகளுக்குக் குறியீட்டின் பின்னால் புள்ளியும் எல் எழுத்தும் சேர வேண்டும்.

எல்லாம் சரி, விலை வந்ததாகச் சொல்கிறது, இன்றைய எண் மட்டும் மாறவில்லை? இன்று காலை நீங்களே கையால் ஒரு விலை இட்டிருப்பீர்கள். ஒரு நாளுக்கு, ஒரு நாணயத்தில், ஒரு விலைதான் நிற்கும். கையால் இட்டதன்மேல் இணைய விலை ஏறாது. கை விலையை அழித்துவிட்டு மறுபடி ‘கெட் கோட்ஸ்’ அழுத்துங்கள்.

அறிகுறி: பணம் அனுப்பிய நாளில் டாலர் விகிதம் வழக்கத்துக்கு மாறாகக் கூடித் தெரிகிறது

வங்கி எடுத்த மொத்தத் தொகையை வந்த டாலரால் வகுத்திருக்கிறீர்கள். ஓர் எடுத்துக்காட்டு. தாராளமயப் பண அனுப்புத் திட்டத்தில் (ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை) 2,000 டாலர் அனுப்புகிறீர்கள். வங்கியின் விகிதம் 88.20, அதற்கு 1,76,400 ரூபாய். அனுப்பும் கட்டணம் 500, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 90. நாணய மாற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான மாற்றில் சேவை மதிப்பு 1,000 ரூபாயும் ஒரு லட்சத்தைத் தாண்டிய தொகையில் 0.5 சதவீதமும். இங்கே அது 1,382. அதில் 18% என்றால் 248.76. வங்கிக் கணக்கில் மொத்தப் பற்று 1,77,238.76. வழியில் இடைவங்கி 15 டாலர் எடுத்துக்கொண்டதால் தரகரிடம் சேர்ந்தது 1,985.

1,77,238.76ஐ 1,985ஆல் வகுத்தால் 89.29 வரும். இந்த எண் டாலரின் விலையாகப் பட்டியலில் ஏறிவிடும். அடுத்த விகிதம் வரும்வரை உங்கள் எல்லா டாலர் சொத்துகளும் அந்த விகிதத்திலேயே மதிப்பிடப்படும். அனுப்பிய செலவு என்ற ஒன்றே கணக்கில் இருக்காது.

சரியான பதிவு நான்கு வரிகள் கொண்டது:

- வங்கி: 1,77,238.76 பற்று போனது
- தரகர் ரொக்கம்: 1,985 டாலர், 88.20 விகிதத்தில் 1,75,077.00
- இடைவங்கிக் கழிவு (செலவு): 15 டாலருக்கு ஈடாக 1,323.00
- வங்கிக் கட்டணமும் ஜிஎஸ்டியும் (செலவு): 838.76

பழைய பதிவைத் திருத்த, வரிகளைப் பிரித்துக் காட்டும் நிலையில் வைத்து, டாலர் வரியின்மேல் வலது சொடுக்கி ‘எடிட் எக்ஸ்சேஞ்ச் ரேட்’ தேர்ந்து விகிதத்தை 88.20 ஆக்குங்கள். பிறகு விலைப் பட்டியலில் அந்த நாளின் டாலர் விலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அதையும் கையால் திருத்துங்கள்.

வங்கி பிடித்த டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) தொகையையும் சிலர் இதே கணக்கில் கரைத்துவிடுகிறார்கள். அது செலவில் சேராது. 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 20% பிடிக்கிறார்கள். பன்னிரண்டு லட்சம் அனுப்பினால் 40,000 ரூபாய். அது உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும் வரி. ‘திரும்ப வரவேண்டிய வரி’ என்று ஒரு சொத்துக் கணக்குத் திறந்து அங்கே வையுங்கள். பங்கின் அடக்க விலையில் சேர்த்தால், விற்கும்போது லாபம் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

அறிகுறி: பின்னப் பங்குகள் தரகர் கணக்கோடு பொருந்தவில்லை

412.37 டாலர் பங்கில் 100 டாலருக்கு வாங்கினால் 0.2425 பங்கு கிடைக்கும். பதிவேட்டில் 0.24 என்று நின்று, விலை 416.67 என்று தானாக மாறியிருந்தால், அந்தப் பங்குக்கு நூற்றில் ஒன்றுதான் மிகச் சிறிய அலகு என்று அமைத்திருக்கிறீர்கள். செக்யூரிட்டி எடிட்டரில் ‘ஃபிராக்‌ஷன் டிரேடட்’ மதிப்பைப் பத்து லட்சத்தில் ஒன்றாக மாற்றுங்கள். பிறகு பங்குக் கணக்கின் எடிட் அக்கவுன்ட் பெட்டியில் ‘ஸ்மாலஸ்ட் ஃபிராக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘யூஸ் கமாடிட்டி வேல்யூ’ இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கணக்கிலேயே தனி அலகு வைத்திருந்தால் அதுதான் செல்லும். ஏற்கெனவே சுருங்கிப்போன பதிவுகள் தாமாக விரியா. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையை மறுபடி எழுத வேண்டும். எண்ணிக்கை, விலை, தொகை மூன்றில் எதைக் கணக்கிட வேண்டும் என்று கேட்டால் விலையைத் தேர்வு செய்யுங்கள். தரகர் அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் தொகையும்தான் உண்மையானவை.

அறிகுறி: பங்குப் பிரிப்புக்கு முந்தைய ஆண்டுகளின் வரைபடம் பத்தில் ஒன்றாகத் தாழ்ந்து கிடக்கிறது

என்விடியா 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. 10ஆம் தேதி முதல் புதிய விலையில் வணிகம் நடந்தது. 12 பங்கு வைத்திருந்தவர் ஆக்‌ஷன்ஸ் மெனுவின் ஸ்டாக் ஸ்பிளிட் உதவியில் 108 என்று இட வேண்டும். கூடுதலாக வந்த பங்குகளைத்தான் அது கேட்கிறது. 120 என்று இட்டால் 132 ஆகிவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பழைய வரைபடம் தாழ்ந்திருந்தால், பிரிப்புக்குப் பிறகு எங்கிருந்தோ பழைய விலைகளை இறக்கியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைக்கும் வரலாற்று விலைகள் பிரிப்புக்கேற்பச் சரிசெய்யப்பட்டவை. குனுகேஷில் 2023இல் உங்களிடம் இருந்தது 12 பங்குதான். அதைச் சரிசெய்த விலையால் பெருக்கினால் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்தக் காலத்துக்கு அன்று நிலவிய விலையே பட்டியலில் இருக்க வேண்டும். இறக்கிய விலைகளை நீக்குங்கள், அல்லது பிரிப்புக்கு முந்தைய வரிகளை மட்டும் பத்தால் பெருக்கி மறுபடி ஏற்றுங்கள்.

அறிகுறி: லண்டன் இடிஎஃப் நூறு மடங்கு மதிப்பில் நிற்கிறது

லண்டனில் பல பங்குகளும், பங்குபோலவே சந்தையில் வணிகமாகும் இடிஎஃப் நிதிகளும் பென்ஸில் (பவுண்டில் நூறில் ஒன்று) விலை சொல்லப்படுகின்றன. 8,150 என்றால் 81.50 பவுண்டு. பென்ஸ் தனி நாணயமாகக் குனுகேஷில் இல்லை. கையால் இட்டாலும் சிஎஸ்வி கோப்பில் ஏற்றினாலும் நூறால் வகுத்தே இடுங்கள்.

நூறு மடங்கு இல்லாமல், 30 சதவீதம் போல வித்தியாசம் இருந்தால் நாணயமே தப்பு. ஒரே நிதி லண்டனில் இரண்டு குறியீடுகளில் வணிகமாகிறது. வேன்கார்டின் எஸ் அண்ட் பி 500 நிதிக்குக் குழம்பாமல் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ‘வி, யூ, எஸ், ஏ’ என்பது பவுண்டில், ‘வி, யூ, எஸ், டி’ என்பது டாலரில். ஐஷேர்ஸின் எஸ் அண்ட் பி 500 நிதியில் கடைசி எழுத்து எக்ஸ் என்றால் டாலர், அந்த இடத்தில் 1 என்றால் பிரிட்டிஷ் நாணயம். வாங்கியது எந்தக் குறியீடோ அதையே செக்யூரிட்டி எடிட்டரில் வையுங்கள். அமெரிக்கரல்லாதவருக்கு அமெரிக்க மரபுரிமை வரியில் விலக்கு 60,000 டாலர் வரைதான் என்பதால் அயர்லாந்தில் பதிவான இந்த நிதிகளை இங்கே பலர் வாங்குகிறார்கள். ஆகவே இந்தக் குழப்பமும் அடிக்கடி வருகிறது.

அறிகுறி: போன ஆண்டின் டிவிடெண்ட் வருமானம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வேறாக இருக்கிறது

வருமானக் கணக்கு டாலரில் இருக்கிறது. அறிக்கை எடுக்கும்போது எந்த விகிதம் கைக்குக் கிடைக்கிறதோ அதில் முழு ஆண்டும் மாற்றப்படுகிறது. அறிக்கையின் கமாடிட்டீஸ் பகுதியில் விலை மூலத்தை ‘கடைசி விலை’யிலிருந்து அறிக்கை நாளுக்கு அருகிலுள்ள விலைக்கு மாற்றினால் எண் அசையாமல் நிற்கும். ஆனாலும் மார்ச்சில் வந்ததும் நவம்பரில் வந்ததும் ஒரே விகிதத்தில் மாறியிருக்கும். ரூபாயில் ஒரு வருமானக் கணக்குத் திறந்து, ஒவ்வொரு டிவிடெண்டையும் வந்த நாளின் விகிதத்தில் அங்கே பதிவதுதான் முறையான தீர்வு. ஒவ்வொரு முறையும் விகிதம் கேட்கும். அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பதிவில் கவனிக்க இன்னும் இரண்டு. தரகரிடம் வந்து சேர்வது வரி பிடித்த மீதி. 10 டாலர் டிவிடெண்டில் இந்திய–அமெரிக்க ஒப்பந்தப்படி 25% போய் 7.50 வரும். வருமானம் 10 என்றும், பிடித்த 2.50 தனி வரியாகவும் இருக்க வேண்டும். அதைக் காட்டித்தான் இங்கே வரிக்கழிவு கேட்க முடியும் (2025-26 நிதியாண்டின் வருமானம் வரை படிவம் 67 வழியாக). பிடித்தம் 30% என்று தெரிந்தால், அமெரிக்கர் அல்ல என்று தரகரிடம் கொடுத்த டபிள்யூ-8பென் படிவம் காலாவதியாகியிருக்கலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் இறுதியோடு அது முடிந்துவிடும். அடுத்து, அட்வான்ஸ்டு போர்ட்ஃபோலியோ அறிக்கையில் டிவிடெண்ட் சுழியமாகத் தெரிந்தால், அந்தப் பதிவில் பங்குக் கணக்குக்கும் ஒரு வரி சேருங்கள். எண்ணிக்கை 0, தொகை 0. எந்தப் பங்கின் வருமானம் என்று மென்பொருள் அறிய வேறு வழி இல்லை.

அறிகுறி: ஆர்எஸ்யூ பங்கை விற்றதும் முழுத் தொகையும் லாபமாகக் காட்டுகிறது

ஆர்எஸ்யூ என்பது வேலை பார்க்கும் நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் பங்கு. அதன் அடக்க விலை சுழியமாகப் பதிவாகியிருக்கிறது. நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததாகத் தோன்றினாலும், கைக்கு வந்த நாளின் மதிப்பு சம்பளமாக உங்கள் படிவம் 16இல் ஏறி வரியும் கட்டியாகிவிட்டது. அந்த மதிப்பே அடக்க விலை.

40 பங்கு உரிமையாகி, வரிக்காக 13 பிடித்துக்கொண்டு 27 வந்தது என்று வைப்போம். பங்கு 150 டாலர், விகிதம் 85. சம்பள வருமானம் 5,10,000. அதில் பிடித்த வரி 1,65,750. மீதி 3,44,250 ரூபாய், அதாவது 4,050 டாலர், தரகர் ரொக்கத்துக்குப் போவதாக முதல் பதிவு. அந்த 4,050 டாலருக்கு 27 பங்கு 150 வீதம் வாங்கியதாக இரண்டாவது பதிவு. பணம் உண்மையில் தரகர் ரொக்கத்தைத் தொடவில்லைதான். ஆனால் சம்பளத்திலிருந்து நேராகப் பங்குக்குப் போட்டால், முதல் அறிகுறியில் பார்த்த அதே ரூபாய் விலை பட்டியலில் நுழைந்துவிடும்.

அறிகுறி: இம்பேலன்ஸ் என்ற கணக்கு தானாக முளைத்திருக்கிறது

ஒரு பதிவின் இரு பக்கமும் சமமாகவில்லை. பெரும்பாலும் சிஎஸ்வி இறக்குமதியின் விளைவு. அந்தக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியையும் உரிய கணக்குக்கு மாற்றினால் இருப்பு சுழியமாகும். பிறகு அந்தக் கணக்கையே அழிக்கலாம். இறக்குமதிக்குப் பின் பங்கு எண்ணிக்கை இடையில் எதிர்மறையாகப் போனால் தேதியைச் சந்தேகியுங்கள். அமெரிக்கத் தரகரின் 03/07/2025 மார்ச் 7. அதை ஜூலை 3 என்று படித்தால் விற்பனை வாங்கியதற்கு முன்னால் போய்விடும். இறக்குமதித் திரையில் மாதம்-நாள்-ஆண்டு என்று தேர்ந்து மறுபடி ஏற்றுங்கள்.

டிரேடிங் அக்கவுன்ட்ஸ் வசதியை (ஃபைல், பிராப்பர்ட்டீஸ், அக்கவுன்ட்ஸ்) பாதி வழியில் இயக்கியவர்களுக்கும் இதே போன்ற குழப்பம் வரும். பழைய பதிவுகளில் அந்தக் கூடுதல் வரிகள் இருக்காது. ஆக்‌ஷன்ஸ் மெனுவில் செக் அண்ட் ரிப்பேரை எல்லாக் கணக்குகளுக்கும் ஓட்ட வேண்டும். நாணய ஏற்றத்தாழ்வால் வந்த லாபத்தைத் தனியே பார்க்க விரும்புவோருக்கு இது நல்ல வசதி. புதுக் கோப்பில் முதல் நாளிலேயே இயக்குவது மேல்.

அறிகுறி: ஆடிட்டர் சொல்லும் லாபமும் மென்பொருள் சொல்லும் லாபமும் வேறு

இங்கே மென்பொருளில் பிழை எதையும் தேட வேண்டாம். உங்கள் பதிவில் இருப்பது பணம் மாறிய உண்மையான விகிதம். வரிக்கணக்கு, 1962 வருமான வரி விதிகளின் 115ஆம் விதி வகுத்த முறையில், பாரத ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (தந்திவழிப் பணமாற்று) வாங்கும் விகிதத்தை எடுக்கிறது. மூலதன லாபத்துக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விகிதம். 2025 செப்டம்பரில் விற்றிருந்தால் ஆகஸ்ட் 31. அது ஞாயிறு என்பதால் அதற்கு முன் விகிதம் வெளியான நாளுடையது. இந்த விகிதங்களைக் குனுகேஷின் விலைப் பட்டியலில் கலக்காதீர்கள். கலந்தால் மாதக் கடைசி மதிப்புகள் எல்லாம் சந்தை விகிதத்திலிருந்து விலகும். தனி விரிதாளில் மாதத்துக்கு ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் எஃப்ஏ அட்டவணைக்கும் அந்த விரிதாளே உதவும். அந்த அட்டவணை நிதியாண்டைப் பின்பற்றுவதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டைக் கேட்கிறது. டிசம்பர் 31 தேதியிட்டு பேலன்ஸ் ஷீட் எடுத்தால் பங்குகளின் எண்ணிக்கையும் டாலர் விலையும் கிடைக்கும். ஆண்டின் உச்ச மதிப்பைக் குனுகேஷ் தானாகக் கணக்கிட்டுத் தராது. வாரம் ஒருமுறையாவது ‘கெட் கோட்ஸ்’ அழுத்தி விலைகளைச் சேர்த்து வந்தால், விலைப் பட்டியலிலிருந்து உச்சத்துக்கு நெருங்கிய நாளைக் கண்டுபிடித்து, தரகர் தளத்தின் வரலாற்று விலையோடு ஒப்பிட்டு எழுதிவிடலாம்.